நாலாம் ராத்திரி

பஞ்சு விலை ஏறியதால்
நாலு நாள் மில் ஓடாது என்று
கேட்டில் ஒட்டிய தாளை
போனில் படம் பிடித்து வந்து காட்டினார்.
மேஸ்திரியின் மச்சினர் வீடு ஒன்று
அரியமான் பக்கம் சும்மா கிடக்கிறதாம்,
கரண்டுக் காசு கொடுத்தால் போதுமாம்.

உச்சிப்புளியில் இறங்கி
ஆட்டோவும் போக மறுத்த மணலில்
அரிசி, ஸ்டவ், தலையணை இரண்டு,
கபிலனின் கால்பந்து எல்லாம் சுமந்து
சவுக்குத் தோப்புக்குள் நடந்தோம்.
இறால் பண்ணை வைத்து நொடித்தவர் கட்டிய வீடு.
மூன்று அறைக்கு ஒரு ஃபேன்.
சன்னலில் கடல் தெரியவில்லை.
ஆனால் உப்பு எங்களுக்கு முன்பே வந்து
பூட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.
சாவி கொண்டுவந்த நைனா
தேங்காயெண்ணெய் விட்டு, செருப்பால் தட்டித் திறந்து,
"இனிமே பூட்டாதீங்க" என்று போனார்.

முதல் ராத்திரி
"மழை, மழை, துணி" என்று எழுந்து ஓடினார்.
இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய கொடியிலிருந்து
டவுசர், நைட்டி, துண்டு
எல்லாவற்றையும் வாரி நெஞ்சோடு அணைத்து
வாசலில் நின்றார்.
வானத்தில் அத்தனை நட்சத்திரம்.
இலையே இல்லாத அந்த மரங்கள்தான்
காற்றில் அப்படிப் பெய்துகொண்டிருந்தன.

பத்தொன்பது வருடமாக நைட் ஷிப்ட்.
கேட்டு வாங்கியது; அதற்கு முப்பது ரூபாய் கூட.
ஆயிரம் கதிர் சுற்றும் இரைச்சலில்
எங்கோ ஓர் இழை அறுந்தால்
திரும்பிப் பார்க்கும் காது.
வீட்டில், பகலில்,
பாத்திரத்துக்கு அடியில் துணி விரித்துத்தான் வைப்பேன்.
வைஷாலி பேசப் பழகியதே கிசுகிசுப்பில்.
சத்தமாக வாசிப்பதில்லை என்று
மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார்.

இங்கே அவள் கத்தினாள்.
அலைக்குக் கத்தினாள், நண்டுக்குக் கத்தினாள்,
தாழப் பறந்த நேவி ஹெலிகாப்டருக்கு
அது புள்ளியாகும் வரை கத்தினாள்.
அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்,
இது யார் வீட்டுப் பிள்ளை என்பதுபோல.

கடலுக்கு இருபதடி தள்ளி மணலைத் தோண்டி
கொட்டாங்குச்சியில் நல்ல தண்ணீர் மொண்டோம்.
எப்படி உப்புக் கரிக்கவில்லை என்றான் கபிலன்.
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.
நைனாவைக் கேட்டான்.
"அது அப்படித்தான் தம்பி."

இரண்டாம் ராத்திரியும் எழுந்தார்.
மூன்றாம் ராத்திரி இரண்டு தடவை.
துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப்
படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.
"இந்த மரம் பொய் சொல்லுதுடி" என்றார்.
"உங்க மெஷினு மட்டும் மெய்யா?" என்றேன்.
சிரித்தார்.
ராத்திரியில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.
ராத்திரியில் அவரையே
எத்தனை தடவை பார்த்திருப்பேன்?

நாலாம் ராத்திரி
மணி என்ன இருக்கும், தெரியாது.
ஓட்டில் ஒரு சொட்டு.
சருகில் நாலைந்து.
அப்புறம் மொத்தமாக.
மண் மணந்தது; இது மரமில்லை.
ஊருக்குக் கட்டிப் போக வேண்டிய என் சேலை,
பிள்ளைகளின் உடுப்பு, அவருடைய ஒரே வெள்ளைச் சட்டை
எல்லாம் கொடியில் கிடந்தன.
அவர் அசையவில்லை.
வாய் லேசாகத் திறந்திருக்க
நண்டு வாடை போகாத ஒரு கை
கபிலனின் வயிற்றில் ஏறி இறங்கியது.
நான் எழவில்லை.
எழுந்தால் அந்தக் கதவு கிறீச்சிடும்.

காலையில் பஸ்ஸில்
நாலு பேரும் பிழிந்து உடுத்திய ஈரத்தில் உட்கார்ந்திருந்தோம்.
"கடல்ல விழுந்துட்டீகளா?" என்றார் கண்டக்டர்.
"யாருமே பாக்கலையா?" என்றார் இவர்.
"மரம்னு நெனச்சேன்" என்றேன்.

ராமநாதபுரம் வரும்வரை
சன்னல் கம்பியில் கபிலனின் இன்னொரு டவுசர்
படபடத்துக்கொண்டே வந்தது.
எட்டு மணிக்கு ஷிப்ட்.